அப்பாவின் 14 அங்குல டீவியைச் சைக்கிளில் வைத்து ஹட்டனுக்குக் கொண்டுபோகலாமா?

டிக்கோயா சைக்கிள் (வியாழன், இரவு 8.10)

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை டவுனுக்குப் போக வேண்டும். வேலைகள் நிறைய இருக்கின்றன. கரண்ட் பில், அம்மாவின் பிரஷர் குளிசை, மகளுக்கு 80 பக்கக் கொப்பி நாலு, தபால் கந்தோரில் ஒரு பதிவுத் தபால், அப்புறம் மாசி, நெத்தலி, வெற்றிலை. எல்லாமே சைக்கிளில் முடிகிற வேலைதான். 2022-இல் பெற்றோல் இல்லாமல் எல்லோரும் தவித்தபோது, அட்டத்தில் கிடந்த அப்பாவின் சைக்கிளை இறக்கித் துடைத்தேன். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்று கியூ.ஆர். அட்டை வந்த காலம் அது. வரிசை தீர்ந்தது, ஆனால் சைக்கிளை நான் விடவில்லை.

இந்தத் தடவை கூட ஒரு சாமான் இருக்கிறது. அப்பா வாங்கிய கறுப்பு வெள்ளை டீவி, 14 அங்குலம். 12 வோல்ட் பெட்டரியிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வருவதற்கு முன்னே வந்த டீவி. அப்பா போய் இந்த ஆனியோடு ஆறு வருசம். போன மாதம் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் வருகிறது, படம் இல்லை. திரையின் நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். டவுனில் பழைய ரேடியோ பாஸ் (திருத்துகிறவர்) ஒருவர் இன்னும் கடை வைத்திருக்கிறார். கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார்.

கேள்வி இதுதான். எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஆறு கிலோமீற்றர் இருக்கும். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். சைக்கிள் பழைய மாதிரி, கியர் கிடையாது, பிரேக் கம்பி பிரேக். கரியரில் டீவியை வைத்துக் கட்டிக் கொண்டுபோகலாமா? இந்த டீவிக்குப் பெட்டரி சார்ஜ் பண்ண அப்பா வாரா வாரம் இதே கரியரில்தான் டவுனுக்குப் போனார். அதனால் அதே சைக்கிளில் கொண்டுபோக ஆசை.

கண்டி ரவுண்டு (வியாழன், இரவு 8.42)

கொண்டுபோகலாம், ஆனால் மிதித்துக்கொண்டு போகாதீர்கள். அந்த டீவி 8, 9 கிலோ இருக்கும். அதன் பாரம் முழுக்க முன்னால், கண்ணாடிப் பக்கம். கரியரில் உயரமாக வைத்தால் வளைவில் சைக்கிள் உங்களை இழுக்கும். ஏற்றத்தில் எப்படியும் தள்ளத்தான் போகிறீர்கள். இறக்கத்திலும் தள்ளுங்கள்.

கம்பி பிரேக் என்கிறீர்கள். ரிம் இரும்பா, அலுமினியமா? குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால், மழையில் நனைந்ததும் பிரேக் கட்டை வழுக்கும், பிடிக்கவே பிடிக்காது. நான் கண்டியில் தினமும் பேராதனை வீதியில் போய்வருகிறேன். ஒரு மழை நாளில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் பஸ்ஸுக்குப் பின்னால் போய் முட்டினேன். அன்றைக்கே ரிம்மை மாற்றினேன்.

டவுனுக்குள் போனதும் ஒன்றைக் கவனியுங்கள். ஹட்டன் மெயின் வீதி, கண்டி மாதிரியே, கடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நெருக்கிய வீதி. ஓரமாகப் போனால்தான் பாதுகாப்பு என்று நினைத்துக் வடிகால் காணோடு ஒட்டிப் போவார்கள். அதுதான் ஆபத்து. காண் மூடி உடைந்திருக்கும், நிறுத்திய வேனின் கதவு திறக்கும், பஸ் உங்களைத் தாண்டி உடனே ஓரம் கட்டும். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே வந்து, நேராகப் போங்கள். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் தெரிய வேண்டும். சனிக்கிழமை, அதுவும் சிவனொளிபாதமலை சீசன் என்றால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களும் சேரும்.

வால்வு ரேடியோ (வியாழன், இரவு 9.30)

தம்பி, நான் பண்டாரவளையில் முப்பது வருசம் ரேடியோ, டீவி திருத்தினவன். முதலில் நல்ல செய்தி. குறுக்காக ஒரே கோடு என்றால் பிக்சர் டியூப் உயிரோடு இருக்கிறது. கதிர் இடமிருந்து வலம் ஓடுகிறது, மேலிருந்து கீழே இறங்க மட்டும் முடியவில்லை. அதை இறக்குகிற பகுதியில் ஒரு கெபாசிட்டர் காய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஈயப் பற்று விட்டிருக்கும், கூடப்போனால் ஒரு ஐசி. பெரிய செலவில்லை.

ஆனால் அந்தக் கோட்டோடு டீவியை ஓட விடாதே. முழுத் திரைக்கும் பரவ வேண்டிய வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடத்துப் பூச்சு கருகிப் படியும். பிறகு படம் வந்தாலும் நடுவில் தழும்பு நிற்கும்.

கொண்டுபோகும் முறையைச் சொல்கிறேன். தடித்த போர்வையை மடித்துப் போட்டுக் கண்ணாடிப் பக்கம் கீழே பார்க்கிற மாதிரி வை. டியூப்புக்குள் காற்றில்லை. பின்னால் இருக்கிற ஒல்லிக் கழுத்துதான் பலவீனம், அதில் அடி விழக் கூடாது. கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பை வார் வாராக வெட்டிக் கட்டு, ரப்பர் என்றால் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, பின் மூடியை நீயாகத் திறக்கவே கூடாது. சின்ன டீவிதான், ஆனாலும் டியூப்பில் 10,000 வோல்ட்டுக்கு மேலே நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும். தெரிந்தவர் திறக்கட்டும்.

மஸ்கெலியா (வெள்ளி, காலை 6.15)

பெட்டரி டீவி என்று படித்ததும் நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கிண்ண இறுதிப் போட்டி, லாகூர். எங்கள் லயத்தில் ஒரே ஒரு காம்பராவில்தான் (லய வீட்டில்தான்) டீவி. உள்ளே ஒரு நாற்பது பேர், இஸ்தோப்பில் அதைவிடக் கூட்டம், பையன்கள் ஜன்னல் கம்பியில். அவுஸ்திரேலியா 241 அடித்தது. நம்ம கண்டி முரளி 10 ஓவருக்கு 31 ஓட்டம்தான் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். முரளிக்குப் பந்து போனாலே எங்கள் பக்கம் சத்தம் கூடும். நம்ம பெயர் மாதிரி ஒரு பெயர் திரையில் எழுதி வருகிறதே என்று என் பாட்டி அதைத் தொட்டுப் பார்க்கப் போனார்.

நாங்கள் ஆடப் போனபோதுதான் பெட்டரி இறங்க ஆரம்பித்தது. படம் முதலில் மங்கவில்லை, சுருங்கியது. நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் மாதிரி உள்ளே வந்து, அரவிந்த டி சில்வாவும் சுருங்கினார், மைதானமும் சுருங்கியது. கடைசியில் தோட்டத்து டிரக்டர் ஓட்டுகிற மாமா ஓடிப்போய் டிரக்டர் பெட்டரியைக் கழற்றி இருட்டில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மாற்றிப் போட்டதும் படம் விரிந்தது. நாற்பது பேரும் ஒரே மூச்சாக விட்டோம். அரவிந்த ஆட்டமிழக்காமல் 107, ஏழு விக்கெட்டால் வென்றோம். அடுத்த நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்கு டிரக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மாமாவுக்கு அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

டிக்கோயாத் தம்பி, அந்த டீவியைத் திருத்துங்கள். செலவில் எனக்கும் ஒரு பங்கு.

கொட்டகலை அக்கா (வெள்ளி, மாலை 4.50)

மஸ்கெலியா அண்ணன் எழுதியதைப் படித்து எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், யாரும் கோபிக்கக் கூடாது. அந்த நாற்பது பேரில் பொம்பளைகள் எத்தனை பேர்?

என் அம்மா அந்தக் காலத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வர ஐந்தரை ஆகும். பீலிக்குப் போய்த் தண்ணீர், அடுப்பு, ரொட்டி, தம்பிக்குக் குளிப்பாட்டு. பக்கத்துக் காம்பராவில் டீவி ஓடும். சுவர் கூரை வரைக்கும் போகாததால் சத்தம் மட்டும் இந்தப் பக்கம் வரும். அம்மா எத்தனையோ கதைகளைக் காதால் மட்டும் கேட்டு முடித்தார். ஆட்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு நாடகத்துக்குத்தான் அவர் அடுப்பை இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஜப்பான் நாடகம், ஒஷின். அரசாங்க டீவி ரூபவாஹினியில் போனது. சிங்களம் எங்களுக்கு அரைகுறை, அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக வேறு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷை வேண்டும்? எங்கள் லயத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை எல்லோருக்கும் தெரியும். என் பெரியம்மா மகளும் போனாள். ஒஷின் படகில் போகும்போது அழுத சத்தம் அந்தக் காம்பராவில் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

அதனால் தம்பி, டீவி திருந்தி வந்ததும் முதலில் அம்மாவைக் கதிரையில் உட்கார வையுங்கள்.

டிக்கோயா சைக்கிள் (வெள்ளி, இரவு 7.20)

அக்கா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் நின்னுக்கிட்டேதான் பாத்தேன், வாசப்படியில" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. அப்பா கதிரையில் இருந்ததுதான் ஞாபகம்.

வால்வு அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் எந்த ஆள் திரையில் வந்தாலும் அவருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள் நிற்பார். செய்தி வாசிப்பவருக்கும் அப்படித்தான். நாங்கள் "ரெண்டாவது ஆளு" என்று பேர் வைத்திருந்தோம். அப்பா அன்டெனாவைத் திருப்பித் திருப்பி, கடைசியில் டீவி கோபுரம் நிற்கிற பீதுருதலாகலைப் பக்கம் நேராக வைக்காமல் கொஞ்சம் கோணலாக வைப்பார். பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம், "ஒங்க அன்டெனா கோணக்கழுத்தா நிக்குதே" என்று கேலி பண்ணுவார்கள். அவர் சரிப்படுத்தவே மாட்டார். அந்த இரண்டாவது ஆள் ஏன் வந்தார்?

வால்வு ரேடியோ (வெள்ளி, இரவு 9.05)

உன் அப்பா கெட்டிக்காரர் தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 தொடங்கியது, ஜப்பான் உதவியோடு. அதற்கு முன்னே 1979-இல் ஐ.டீ.என். என்ற டீவி சேவை வந்துவிட்டது, ஆனால் அது கொழும்புப் பக்கத்துக்குத்தான். ரூபவாஹினியின் பெரிய கோபுரத்தைப் பீதுருதலாகலையில் வைத்தார்கள். 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமான மலை. உலகத்துக்கே தெரிகிற மாதிரி கோபுரம் நம்ம மலையில், ஆனால் நம்ம லயங்களில் பாதிக்குப் படம் தெரியாது. ஏனென்றால் டீவி அலை வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும். நடுவில் ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் நிழல்தான் விழும். பள்ளத்து லயத்துக்காரன் மூங்கிலுக்கு மேல் மூங்கில் கட்டியது அதற்காக.

இன்னொரு கூத்து, அலை மலையில் பட்டுத் திரும்பும். உன் வீட்டுக்கு ஒரு அலை பீதுருவிலிருந்து நேராக வருகிறது. அதே அலை உன் வீட்டைத் தாண்டிப் பின்னால் இருக்கிற மலையில் மோதித் திரும்பியும் வருகிறது. அது கொஞ்சம் பிந்தி வரும். பிந்தி வந்த படம் வலது பக்கம் தள்ளி விழும். அதுதான் உன் இரண்டாவது ஆள்.

இப்போது கணக்கைப் பார். நம்ம டீவியில் ஒரு செக்கனுக்கு 15,625 கோடு கீறுகிறது. ஒரு கோட்டில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைக் கீற 52 மைக்ரோ செக்கன். 14 அங்குலத் திரையின் அகலம் 27, 28 சென்டிமீற்றர். அப்படியென்றால் ஒரு மைக்ரோ செக்கனுக்குக் கதிர் அரைச் சென்டிமீற்றர் நகரும். அதே ஒரு மைக்ரோ செக்கனில் அலை 300 மீற்றர் ஓடும். ஆக, இரண்டாவது ஆள் அரைச் சென்டிமீற்றர் தள்ளி நின்றால், அந்த அலை 300 மீற்றர் சுற்றி வந்திருக்கிறது. மலை நேர் பின்னால் இருந்தால் போக 150, வர 150. திரையில் அடிமட்டத்தை வைத்தே மலை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். நான் வெலிமடைப் பக்கம் வீடு வீடாகப் போன காலத்தில் இதைத்தான் செய்தேன். எந்த மலை தொந்தரவு தருகிறது என்று தெரிந்தால்தானே அன்டெனாவைத் திருப்ப முடியும்?

கோணலுக்கும் அதுதான் காரணம். அன்டெனாவுக்கு முன்னால் காது கூர்மை, பக்கவாட்டிலும் பின்னாலும் சில திசைகளில் செவிடு. நேராக வைத்தால் பீது நன்றாகக் கேட்கும், ஆனால் பின் மலையும் கேட்கும். கொஞ்சம் திருப்பினால் பீது சற்றுக் குறையும், ஆனால் செவிட்டுப் பக்கம் அந்த மலைக்கு நேராகப் போய்விடும். படம் கொஞ்சம் புள்ளி விழும், இரண்டாவது ஆள் ஓடிவிடுவார். உன் அப்பா கணக்குப் படித்தாரா என்று தெரியாது. கண்ணால் பார்த்துக் கையால் கண்டுபிடித்திருக்கிறார்.

ஹப்புத்தளைக் காற்று (வெள்ளி, இரவு 10.12)

பெட்டரிக் கணக்கையும் யாராவது எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியட்டும். எங்கள் வீட்டில் வாரம் ஒரு சார்ஜ். செய்தி, ஒரு நாடகம், ஞாயிறு என்றால் கொஞ்சம் கூட. ஒரு தடவை டவுனில் சார்ஜுக்குக் கொடுத்த கடையில் எங்கள் நல்ல பெட்டரியை எடுத்துக்கொண்டு பழையதைத் தந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தான். திரும்பப் போய்க் கேட்டதற்கு இதுதான் உங்களது என்று சாதித்தார்கள். அதற்குப் பிறகு அப்பா ஆணியால் பெட்டரியில் எங்கள் வீட்டு நம்பரைக் கீறினார்.

வால்வு ரேடியோ (வெள்ளி, இரவு 10.40)

சின்ன டீவி 15, 18 வாட் எடுக்கும், 12 வோல்ட்டில் ஒன்றரை அம்பியர் வரை. 35 அம்பியர் மணி பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஆக 12 மணி நேரம் கைக்குக் கிடைக்கும். தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் வாரம் ஒன்று சரி. சைக்கிளில் கொண்டுபோனவர்களின் சாரத்தைப் பார்த்தால் தெரியும், அசிட் பட்ட இடமெல்லாம் ஓட்டை.

டிக்கோயா சைக்கிள் (சனி, இரவு 8.30)

போய்வந்துவிட்டேன். முழுசாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். வால்வு அண்ணன் சொன்னபடி போர்வை, ரப்பர் வார், கண்ணாடி கீழே. மகள் பிரேக் கட்டையைத் தேய்த்துப் பார்த்து, "போதும்" என்று உத்தரவு கொடுத்தாள். ரோட்டுக்கு வரும் வரை தள்ளினேன். பிறகும் தள்ளினேன். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள் என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். கொழுந்து லொறிக்காரர் நிறுத்தி, ஏற்றிக்கொள்ளவா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, கண்ணாடி என்றேன். தேயிலைக்குள் இருந்து இரண்டு அக்காமார், "டீவியா? இன்னும் இருக்கா அது?" என்று கேட்டார்கள். ஒருவர் அதில் படம் பார்த்தவராம். எனக்கு அவரைத் தெரியவில்லை, அவருக்கு என் அப்பாவைத் தெரிந்திருந்தது.

டவுனுக்குள் கண்டி ரவுண்டு சொன்ன மாதிரி ஒரு கை உள்ளே வந்து நேராகப் போனேன். ஒரு பஸ்காரர் ஹோர்ன் அடித்தார், ஆனால் தள்ளி நின்றுதான் தாண்டினார். மாணிக்கப்பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு கும்பிடு. பாஸ் கடையில் டீவியை இறக்கிவிட்டு மற்ற வேலைகளுக்குப் போனேன். கரண்ட் பில்லுக்கு வரிசை, தபாலுக்கு வரிசை இல்லை. குளிசை கிடைத்தது. கொப்பி விலை கூடிவிட்டதால் நாலுக்குப் பதில் மூன்றுதான் வாங்கினேன்.

பதினொரு மணிக்குத் திரும்பப் போனபோது பாஸ் பின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பஞ்சு மாதிரித் தூசி, ஒரு கரப்பான் கூடு, அப்புறம் ஒரு இரண்டு ரூபாக் குத்தி. அந்தக் குத்தி நான் போட்டதுதான். காற்றுப் போகிற ஓட்டையில் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்து அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது. வால்வு அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஒரு கெபாசிட்டர் மேலே உப்பி இருந்தது. ஓரிடத்தில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்பு. பாஸ் இரண்டையும் சரிசெய்து, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை டீவிக்கு முன்னால் வைத்து, என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிச் சுவிட்சைப் போட்டார். கோடு மெதுவாக மேலும் கீழும் விரிந்து திரை முழுக்கப் புள்ளியாக வந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி அந்தப் புள்ளி. சின்ன வயதில் அதைப் பார்த்தால் அன்டெனா விழுந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அதைப் பார்த்துச் சந்தோசமாக இருந்தது. கூலி 1,500 ரூபா. பாஸ் கெபாசிட்டருக்குக் காசு வாங்கவில்லை.

வரும்போது இரண்டு மணிக்கே மிஸ்ட் இறங்கிவிட்டது. இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். ஓர் இடத்தில் ரோட்டு ஓரம் நின்று பாணும் பிளேன்டீயும். மழை தூறியபோது என் ரெயின்கோட்டைக் கழற்றி டீவிக்குப் போட்டேன்.

நாளைக்கு அன்டெனா. குழாய் அங்கேயே நிற்கிறது, கம்பிகள் இரண்டு வளைந்திருக்கின்றன.

கண்டி ரவுண்டு (சனி, இரவு 9.15)

ஆறு கிலோமீற்றரும் தள்ளியே வந்தீர்களா! மனம் நிறைந்துவிட்டது. அந்த ரிம்மை மட்டும் மாற்றிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹப்புத்தளைக் காற்று (சனி, இரவு 9.40)

இப்போது இருக்கிற டிஷ் பெட்டியை இதில் பூட்ட நினைத்தால், டீவியின் பின்னால் அதன் வயரைச் சொருக மஞ்சள் சிவப்பு ஓட்டை இருக்காது. நடுவில் பூட்ட, பெட்டியின் படத்தை அன்டெனா அலை மாதிரி மாற்றித் தருகிற ஒரு மொடியுலேற்றர் வாங்க வேண்டும். அன்டெனாவில் வந்தால் அது தேவையில்லை.

டிக்கோயா சைக்கிள் (ஞாயிறு, இரவு 9.20)

வால்வு அண்ணே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் கம்பிகளை நிமிர்த்திப் புதுக் கேபிள் போட்டேன். முதலில் வேண்டுமென்றே நேராகப் பீது பக்கம் திருப்பினேன். மகள் உள்ளே இருந்து கத்தினாள், "அப்பா, படம் வந்துட்டு! ரெண்டு ஆளு!" ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் வந்து நின்றார், அதே இடத்தில், வலது பக்கம். மகளின் அடிமட்டத்தை வைத்து அளந்தோம். இரண்டு சென்டிமீற்றர், ஒரு நூல் கூட. மகளே கணக்குப் போட்டாள். நாலு மைக்ரோ செக்கன், 1,200 மீற்றர், அதில் பாதி 600. போனில் வரைபடத்தைத் திறந்து எங்கள் லயத்திலிருந்து பின்னால் கோயில் மலை வரைக்கும் கோடு கீறிப் பார்த்தோம். 640 மீற்றர் காட்டியது. நாங்கள் தினமும் பார்க்கிற மலை, மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் இறங்குகிற மலை.

பிறகு கூரைப் பக்கம் ஏறி மெதுவாகத் திருப்பினேன். குழாயைப் பிடிக்கிற கிளாம்பைத் தளர்த்தியபோதுதான் பார்த்தேன். குழாயில் ஆணியால் கீறிய ஒரு கோடு. கிளாம்பிலும் ஒரு கோடு. துரு ஏறியிருந்தாலும் விரலுக்குத் தெரிகிறது. இரண்டு கோட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து நட்டை இறுக்கினேன். மகள் உள்ளே ஒன்றும் கத்தவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். படம் கொஞ்சம் புள்ளி. ஒரே ஆள்.

கொட்டகலை அக்கா, அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்தோம். முதலில் மாட்டேன் என்றார். செய்தி முடியும் வரை பார்த்தார். "அந்த ரெண்டாவது ஆளு எங்க, காணோம்?" என்றார். அப்பா கீறின கோடு இன்னும் இருக்கு அம்மா என்றேன். தலையை ஆட்டினார். நாடகம் தொடங்கப் போகும்போது எழுந்து, "அணைச்சிரு தம்பி, பெட்டரி நாளைக்கும் வேணும்" என்றார். கரண்டில்தான் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. அணைத்துவிட்டேன்.

கொட்டகலை அக்கா (ஞாயிறு, இரவு 10.05)

அடுத்த ஞாயிறு கொட்டகலையிலிருந்து பஸ் எடுத்து வருகிறேன். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா? அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

டிக்கோயா சைக்கிள் (ஞாயிறு, இரவு 10.11)

வாங்க அக்கா. மல்லியப்புச் சந்தியில் இறங்கிக் கூப்பிடுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கு ஓட்டோ பிடிக்கலாம், சாமான் ஏதும் இருந்தால் கரியரில் வைத்துக்கொள்கிறேன்.